கல்லூரி மாணவருக்கான உதவிகள்: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்பீடு

சென்னைக்கு அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்து முடித்து எனக்கு ஓராண்டு ஆகிறது. நான்கு ஆண்டுகளில் ஐந்து அரியர் வைத்தேன், ஐந்தையும் முடித்துவிட்டேன். காலையில் எழுந்து வகுப்புக்குப் போவதே மலையேறுவது போல இருந்த ஒரு பருவமும் அதில் அடக்கம். அந்தக் காலத்தில் மாணவர்களுக்கென்று அரசும் கல்லூரியும் நடத்தும் உதவிகளில் பலவற்றை, சிலவற்றை விரும்பியும் சிலவற்றை வேறு வழியின்றியும், பயன்படுத்திப் பார்த்தேன். கைப்பேசிக்கும் பிரியாணிக் கடைக்கும் பக்கம் பக்கமாக மதிப்பீடு எழுதும் நாம் இவற்றைப் பற்றி எழுதுவதில்லை. சேர்க்கை நாளன்று கையில் தரப்படும் கையேட்டில் எல்லா உதவிகளும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருக்கும். நடைமுறையில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நெடுந்தூரம். ஓர் உதவி தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் மனநிலையில், அதன் கதவு வரை ஒரு மாணவனால் போக முடிகிறதா என்பதையே இங்கு அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

முதலில் கல்லூரியின் ஆலோசனை மையம். அது நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடியில், துறைத் தலைவர்களின் அறைகள் உள்ள அதே நடைகூடத்தில் இருந்தது. வாசலுக்கு நேர் மேலே கண்காணிப்புக் கேமரா. ஆலோசகர் வாரத்தில் இரண்டு நாள், அதுவும் வகுப்புகள் நடக்கும் நேரத்தில் மட்டுமே இருப்பார். ஆகவே அவரைப் பார்க்க விரும்புகிறவர் முதலில் வகுப்பாசிரியரிடம் அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தச் சீட்டில் காரணம் எழுதுவதற்கு ஒரு கட்டமும் உண்டு. நான் 'தலைவலி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அறைக்கு வெளியே மேசையில் ஒரு நீளப் பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது. பெயர், பதிவெண், துறை, வந்த நேரம் ஆகியவற்றை வருகிறவர்களே எழுத வேண்டும். எனக்கு முன்னால் வந்த பதினொரு பேரின் பெயர்களை நான் படித்தேன், எனக்குப் பின்னால் வந்தவர்கள் என் பெயரைப் படித்திருப்பார்கள். அடுத்த வாரமே விடுதியில் ஒருவன் அக்கறையோடுதான் விசாரித்தான். அந்த அக்கறைதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

உள்ளே நடந்த உரையாடலைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. அந்த அம்மையார் முதலில் கேட்டது மதிப்பெண்ணை அல்ல, எத்தனை மணிக்குத் தூங்குகிறேன் என்பதை. மூன்று அமர்வுகளில் அவர் எனக்குச் செய்த பெரிய உதவி, ஐந்து அரியரையும் ஒரே பருவத்தில் எழுதித் தீர்த்துவிட வேண்டும் என்ற என் வெறியைத் தணித்து, இரண்டை மட்டும் தேர்ந்தெடுக்க வைத்ததுதான். மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல்களை மறைவாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் சொல்கிறது. நான் சொன்ன ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வெளியே போகவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் காத்த இரகசியத்தை வெளியே இருந்த பதிவேடு காக்கவில்லை.

மாணவர் சேவை மையம் ஒன்று ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருக்கிறது. ஆளை நியமிக்க இவை உதவும். அவர் எந்த மாடியில், எந்த நேரத்தில், யாருடைய அறைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்கிறது, அந்த முடிவில்தான் பாதி சேவை இருக்கிறது.

ஓர் ஆசிரியருக்கு இருபது மாணவர்கள் என்று பிரித்துக் கொடுக்கும் ட்யூட்டர் முறையைப் பற்றி ஒரே தீர்ப்பாக எழுத முடியாது, ஏனெனில் அது முழுக்க முழுக்க அந்த ஆசிரியரைப் பொறுத்தது. முதல் இரண்டு ஆண்டுகள் எனக்கு வாய்த்தவர் தர மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தைய வாரம் எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒரு பருவம் முழுவதற்குமான குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கினார். மூன்றாம் ஆண்டில் வந்தவர் வெள்ளிக்கிழமை மாலைகளில் கேன்டீன் வாசலில் தேநீரோடு நிற்பார். யார் வேண்டுமானாலும் போய்ப் பக்கத்தில் நிற்கலாம். எத்தனை அரியர் என்பதை அவர் என்னிடம் நான்காவது கேள்வியாகத்தான் கேட்டார். பாடத்தில் தேறுவதற்கு எங்கே போக வேண்டும் என்று வழி காட்டியவரும் அவர்தான்.

அவர் சொன்ன இடம் என்பிடெல். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இந்த இணையவழிப் பாடத் திட்டத்தைப் பொறியியல் மாணவர் எல்லாரும் அறிவர். ஆனால் பெரும்பாலோர் அதைச் சான்றிதழுக்கான இடமாகவே அறிந்திருக்கிறார்கள். பாடங்களைப் பார்க்கவும் வாராந்திரப் பயிற்சிகளைச் செய்யவும் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். இறுதி மதிப்பெண்ணில் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடமாக இருந்தால் சிறந்த எட்டுப் பயிற்சிகளை மட்டும் கணக்கில் எடுப்பது, நடுவில் சில வாரங்கள் நொடித்துப் போகிறவர்களுக்குக் காட்டும் பெரிய கருணை. அந்தப் பன்னிரண்டில் நான்கு வாரங்கள் நான் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் ஆட்டத்தைவிட்டு வெளியேற்றப்படவில்லை.

'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' பாடத்தில் கன்வல்யூஷன் என்ற ஒன்றை வகுப்பில் மூன்று முறை கேட்டும் புரியாதவன் நான். அலையைத் திருப்பிப் போட்டு நகர்த்துவது எதற்காக என்று நான்காவது முறை கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. காணொளியிலோ அதே பன்னிரண்டு நிமிடத்தை முக்கால் வேகத்தில் ஆறு முறை ஓடவிட்டேன். பேராசிரியர் ஒரு முறையும் சலித்துக்கொள்ளவில்லை. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பாட உரைகளின் எழுத்து வடிவம் பல பாடங்களுக்குக் கிடைக்கிறது. அந்தத் தமிழ் சில இடங்களில் கரடுமுரடானதுதான், கலைச்சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் மாறுகின்றன. எனினும், 2021இல் பொறியியலுக்கு வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் வழியாக அரசுப் பள்ளியிலிருந்து வந்து, தமிழ் வழியில் இயற்பியல் படித்துவிட்டு முதல் நாளே ஆங்கில விரிவுரையின் நடுவே உட்கார்ந்த என் நண்பர்கள் முதலில் தமிழ் உரையைப் படித்துவிட்டு அதன் பிறகு காணொளியைப் பார்த்தார்கள். வரிசையை அப்படி மாற்றியது நல்ல யோசனை. அதை எந்தக் கையேடும் சொல்லவில்லை, அவர்களே கண்டுபிடித்தது. ஆளில்லாத வகுப்பறை என்பதே இதன் பலவீனமும்கூட. எங்கே தவறினோம் என்பதை அதனிடம் கேட்க முடியாது. அதற்கு ஒரு மூத்த மாணவரின் துணை வேண்டும்.

படிப்பதற்கு இடம் என்று பார்த்தால் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு இணையாக நான் எதையும் காணவில்லை. அதன் மாடிகளில் உள்ள இலட்சக்கணக்கான நூல்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பயன்பட்டது சொந்த நூல்களைக் கொண்டுபோய்ப் படிக்கும் பிரிவு. போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் நிறைய வருவதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. அங்கே யாரும் எதற்காக வந்தாய் என்று கேட்பதில்லை. முப்பது வயதில் மூன்றாவது முறை எழுதுகிறவருக்கும் இருபது வயதில் அரியர் எழுதுகிறவனுக்கும் ஒரே நாற்காலிதான். எதிரில் இருப்பவர் தலை நிமிராமல் படிப்பதைப் பார்த்தாலே நமக்கும் ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. என் அத்தை மகள் அங்கே போய்தான் முதுகலைத் தேர்வுக்குப் படித்தாள்.

மனநலத்துக்கென்று இருப்பவற்றில் நான் மிகவும் மதிப்பது 14416 என்ற தொலைபேசி எண்ணை. ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரிலும் இதை அறிவார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ வழிகாட்டுவார்கள். நான் அழைத்தபோது இரவு ஒரு மணி தாண்டியிருந்தது. என் பெயரைச் சொல்லத் தயங்கினேன். அவர் அதை வற்புறுத்தாமல் மேலே பேசினார். கல்லூரி மூடியிருக்கும் நேரம்தான் மாணவனுக்குச் சிக்கலான நேரம் என்பதைப் புரிந்துகொண்டு அமைத்த சேவை இது ஒன்றுதான்.

தொலைபேசி உதவிக்கென்று ஒரு வரம்பு உண்டு. நால்வர் தங்கும் விடுதி அறையில் நள்ளிரவில் எங்கே நின்று பேசுவது? நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசினேன். மாடிக் கதவைப் பூட்டிவிடும் விடுதிகளில் அதுவும் இயலாது. பேசுவதற்கு நேரில் ஒரு மனிதர் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குச் சென்னையில் 1986 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு இயங்கும் சினேகா அமைப்பும் இருக்கிறது. அங்கே நான் போனதில்லை. போய் வந்த நண்பர் ஒருவர் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்.

பண உதவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. மாதம் 1000 ரூபாய் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. எனக்கு அது கிடையாது, என் அறைத்தோழனுக்கு உண்டு. மெஸ் பாக்கிக்காக வீட்டுக்குத் தொலைபேசி செய்து அம்மாவிடம் தயங்கித் தயங்கிப் பேசும் பழக்கம் அவனிடம் அதன்பின் நின்றுபோனது. ஒரு முறை பதிவு செய்துவிட்டால், தட்ட வேண்டிய கதவே இல்லாத உதவி அது. ஆலோசனை மையத்துக்கு ஒரு நாளும் போகாதவனுக்கு அந்த ஆயிரம் ரூபாய் செய்த மனநல உதவியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

சென்ற மாதம் பட்டச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போயிருந்தேன். ஆலோசனை மையத்தை நூலகத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் இரண்டு கல் இருக்கைகள், கேமரா இல்லை, மாலை ஆறரை வரை திறந்திருக்கும் என்று கதவில் ஒரு தாள். எட்டிப் பார்த்தேன். அதே நீளப் பதிவேடு அதே மேசையில் விரித்தபடி இருந்தது. அன்றைய பக்கத்தில் நான்கு பெயர்கள் எழுதியிருந்தன.