லீவுக் குறி போட்ட இலங்கை மாதக் கலண்டர்: வாங்கலாமா?

பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு புத்தகக்கடையில தொங்கவிட்டிருந்த கலண்டர், 600 ரூபா. தாள் நல்ல தடிப்பு, எழுத்து பெருசு, அம்மா கண்ணாடி போடாமலே திதி பாக்கிறா, அதுக்கே காசு குடுக்கலாம். மேல இருக்கிற தகரப் பட்டி மட்டும் மோசம், ஃபேன் காத்துக்கு ஆடி ஆடி ஆணியையே கழட்டிப்போடும்.

நான் வாங்கினதே லீவுக் குறிக்குத்தான். அரச லீவு, பேங்க் லீவு, வர்த்தக லீவு (தனியார் கம்பனி, கடைகளுக்கு) மூண்டுக்கும் வேற வேற குறி போட்டிருக்கு. சும்மா சிவப்பு மை பூசின கலண்டரப் பாத்து ஏமாறாதீங்க, தீபாவளிக்கும் சிவராத்திரிக்கும் அரச கந்தோரும் பேங்கும் பூட்டுத்தான், ஆனா அது ரெண்டும் வர்த்தக லீவுப் பட்டியல்ல இல்ல, கம்பனியில வேலை செய்யிற நம்மட ஆக்கள் லீவு கேட்டுத்தான் எடுக்கோணும், தைப்பொங்கலுக்கு மூண்டு குறியும் இருக்கு. வெசாக்குக்கு ரெண்டு நாள். போயா (பௌர்ணமி லீவு) எல்லாம் சரியா விழுந்திருக்கு, இறைச்சிக்கடை பூட்டமுதல் வாங்கி வைக்கலாம். (1966ல இருந்து 1971 வரைக்கும் ஞாயிறுக்குப் பதிலா, பௌர்ணமி, அமாவாசை, இடையில வாற அரைநிலா நாள் எண்டு எல்லாப் போயாவையும்தான் கிழமை லீவா வச்சிருந்தவங்க, அப்ப கலண்டர் அடிச்சவன்ட பாட்டை யோசிச்சுப் பாருங்க.)

நோன்புப் பெருநாள் பெட்டிக்குள்ள சின்னதா "பிறை பாத்து மாறலாம்" எண்டு போட்டிருக்கு. கொழும்பு பெரிய பள்ளிவாசல்ல பிறை அறிவிச்சாத்தானே பெருநாள், கெசட்ல போட்ட திகதிக்கு ஒரு நாள் முன்பின் ஆகலாம். பக்கத்து வீட்டு நானா அதப் பாத்துட்டுத்தான் தனக்கும் ஒண்டு வாங்கினார்.

விசேட லீவுக்கு மட்டும் இது உதவாது. அது அச்சடிச்ச பிறகு வாறது, ஆரையும் குறை சொல்லேலா. 2025ல புத்தாண்டு ஏப்ரல் 14 திங்கள், அடுத்த நாள் 15ஐயும் விசேட அரச லீவெண்டு அரசாங்கம் பிறகுதான் அறிவிச்சது. பள்ளிக்கூட லீவு இன்னும் கூத்து. சிவராத்திரிக்கு திருகோணமலைக் கோணேஸ்வரம் கோயில்ல விடியவிடிய முழிச்சிட்டு வாற பிள்ளை காலையில எப்பிடிப் பள்ளிக்கூடம் போறது, அதால சில வருசம் மாகாணம் அடுத்த நாளும் லீவு குடுக்கும், குடுத்தா அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் வைக்கோணும், அந்தக் கடிதம் வாட்ஸப்ல ஃபோட்டோவா வந்து சேரமுதல் வேன்காரரும் ட்யூசன் சேரும் அம்மாமாரும் "நாளைக்கு இருக்கா இல்லையா"ன்னு குரூப்ப நிரப்பிப்போடுவாங்க.

இதையெல்லாம் குறிச்சு வைக்க ஒவ்வொரு மாசத்துக்குக் கீழயும் நாலு கோடு விட்டிருக்கலாம், அந்த இடம் பூரா நகைக்கடை விளம்பரம். ஐஞ்சுக்கு நாலு குடுப்பன். வாங்கிறெண்டா டிசம்பர்லயே வாங்குங்க, ஜனவரியில கடையில மிச்சம் கிடக்கிறது சாமிப்படத்த மட்டும் பெருசாப் போட்ட கலண்டர்தான்.