பாதி விலை ஸ்டிக்கரை உரித்துப் பார்த்து வாங்குங்கள்

டொரண்டோவின் ஸ்காபரோ பகுதியில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் போன மாதம் வான்கோழி இறைச்சி ஒரு பைக்கற் எடுத்தேன். மெல்லிய துண்டுகளாக வெட்டி அடைத்து வருவது. பாணுக்குள் வைத்து அப்படியே சாப்பிடலாம். மேலே செம்மஞ்சள் நிறத்தில் பாதி விலை ஸ்டிக்கர். நாலு டொலர் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த நாள் காலை மனைவி அதில் இரண்டு துண்டு சாப்பிட்டா. ஆறு மாதக் கர்ப்பிணி. மகனுக்கு எந்த ஸ்டிக்கரைக் கண்டாலும் பிரிட்ஜ் கதவில் ஒட்ட வேண்டும். நகத்தால் மெதுவாக உரித்தான். அடியில் அச்சடித்த "Best before" (இதற்கு முன் சாப்பிடுவது நல்லது) திகதி. ஒன்பது நாளுக்கு முன்பே முடிந்திருந்தது.

பைக்கற்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். மேலாளர் மோந்து பார்த்தார். "மணம் ஒன்றும் இல்லையே? இந்தத் திகதி தாண்டியதை விற்பதற்குச் சட்டத்தில் தடையும் இல்லை" என்றார். தடை இல்லை என்பது கனடாவில் உண்மைதான். ஆனால் திகதிக்கு மேல் ஸ்டிக்கரை ஒட்டி மறைத்தது ஏன் என்று கேட்டேன். காசைத் திருப்பித் தந்தார், பதில் தரவில்லை. இறைச்சி அடுக்கியிருந்த குளிர்ப்பெட்டியின் வெப்பமானி 9 பாகை காட்டியது. 4க்கு மேல் போகக்கூடாது.

மணத்தை நம்பியது என் பிழையும்தான். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா மணத்தையோ ருசியையோ மாற்றாது. மற்றப் பல கிருமிகள் அடங்கிக் கிடக்கும் பிரிட்ஜ் குளிரிலும் அது மெல்லப் பெருகும். 2008இல் இதே டொரண்டோவில், மேப்பிள் லீஃப் ஃபூட்ஸ் ஆலையிலிருந்து போன இறைச்சியால் 22 பேர் இறந்தார்கள். இறைச்சி வெட்டும் இயந்திரங்களின் உள்ளே, கழுவ எட்டாத இடத்தில் கிருமி தங்கியிருக்கலாம் என்றார்கள். கர்ப்பிணிக்கு இலேசான காய்ச்சலோடு போய்விடலாம். வயிற்றுப் பிள்ளை தப்பாமலும் போகலாம்.

தொலைபேசியில் மருத்துவ ஆலோசனை தரும் 811 எண்ணுக்கு அழைத்தோம். தாதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, காய்ச்சல், உடல் உளைவு வந்தால் உடனே மருத்துவரிடம் போகச் சொன்னா. 70 நாள் கழித்துக்கூட வரலாமாம்! அப்புறம்தான் தெரிந்தது, கர்ப்பிணிகள் இந்த இறைச்சியை ஆவி பறக்கச் சூடாக்காமல் தொடவே கூடாதென்று. மற்றவர்களும் பைக்கற்றைத் திறந்து நாலு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் திறந்த பைக்கற் இரண்டு வாரம் கிடந்த காலமும் உண்டு.

நகர சுகாதாரப் பிரிவில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் பிழையாக ஒட்டிவிட்டார் என்று நான் நம்பவில்லை; அன்று அதே தட்டில் கிடந்த மற்ற மூன்று பைக்கற்றிலும் ஸ்டிக்கர் அதே இடத்தில்தான் இருந்தது.

இன்று 33ஆவது நாள். மனைவிக்கு ஒன்றும் இல்லை. செம்மஞ்சள் ஸ்டிக்கர் இன்னும் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. விசாரிக்க வருபவருக்குக் காட்ட வேண்டும், உரிக்காதே என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.