கருப்பைவாய் முன்புற்று: லேசரா, போட்டோடைனமிக்கா?

கருப்பைவாய்ச் செல்கள் புற்றாகும் முன்பே கெட்டிருப்பதைத்தான் சி.ஐ.என். என்கிறார்கள்; 1 லேசானது, 3 கடுமையானது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘சி.ஐ.என். 2’ என்று பார்த்தவர்கள் பலர் லேசரையும் ‘லைட் ட்ரீட்மென்ட்’ எனப்படும் போட்டோடைனமிக் சிகிச்சையையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். இரண்டிலும் ஒளி உண்டு, சரி. ஆனால் ஒன்று சுடுகிறது, மற்றது மருந்தைத் தூண்டுகிறது.

கருப்பைவாய்க்குப் பெரும்பாலும் எடுப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். திசுவிலுள்ள நீர் இந்தக் கதிரை உறிஞ்சிக் கொதித்து ஆவியாகும். மருத்துவர் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்த்தபடியே எரித்துக்கொண்டு போவார். கிட்டத்தட்ட 7 மி.மீ. ஆழம் போக வேண்டும். கெட்ட செல்கள் சுரப்பிக் குழிகளுக்குள்ளும் இறங்கியிருக்கும். மேலாகச் சுட்டால் அடியில் தங்கிவிடும். பெரும்பாலும் ஒரே தடவையில் வேலை முடியும். பாதிப்பு யோனிச் சுவர்வரை பரவியிருந்தால் லேசர்தான் வசதி.

போட்டோடைனமிக் சிகிச்சை நிதானமானது. ஏ.எல்.ஏ. என்ற மருந்தைக் கருப்பைவாயில் வைத்துச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். செல்கள் அதைப் புரோட்டோபோர்ஃபிரின் என்ற, ஒளி பட்டால் வினைபுரியும் பொருளாக மாற்றும். கோளாறான செல்களில் அது கூடுதலாகச் சேரும். அப்புறம் 635 நானோமீட்டர் சிவப்பு ஒளி பாய்ச்சினால், அங்குள்ள ஆக்சிஜனே நச்சாக மாறி அந்தச் செல்களைக் கொல்லும். அடியிலுள்ள திசு பெரிதாகச் சிதையாது. இனிமேல் பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்கு இது பெரிய விஷயம். ஆனால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். சீனாவில் பரவலாகச் செய்கிறார்கள். இந்தியாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நீண்டகால ஆதாரமும் லேசருக்கு இருக்கும் அளவு இதற்கு இல்லை.

என்னை உறுத்துவது இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை. எரித்தாலும் ஒளியால் கொன்றாலும், நோயியல் மருத்துவர் பார்க்கத் துண்டு மிஞ்சாது. உள்ளே புற்று ஒளிந்திருந்தால் தெரியாமலே போகும். அதனால் சி.ஐ.என். 3 என்றாலோ, பாதிப்பு கருப்பைவாயின் குழாய்க்குள் ஏறியிருந்தாலோ, லீப் முறையில், அதாவது மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால், வெட்டி எடுப்பதையே முதலில் கேட்பேன். அதன் பிறகு குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடும் என்பது உண்மைதான். ஆனால் சி.ஐ.என். 3-ஐச் சரியாகச் சிகிச்சை செய்யாமல் விட்ட நியூசிலாந்துப் பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 30 ஆண்டுகளில் புற்று வந்தது.

சி.ஐ.என். 1-க்கு அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் தானாக மறையும். முழுப் பாதிப்பும் கண்ணுக்குத் தெரிகிற சி.ஐ.என். 2, வயது இருபதுகளில், குழந்தை ஆசையும் உண்டு என்றால், வசதி இருக்கும் ஊரில் போட்டோடைனமிக் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். அலைய முடியாதவருக்கு லேசர். எதைச் செய்தாலும், இந்தப் பாதிப்புக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் உடனே போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும்.