கணப்புக்கு மேல் தொலைக்காட்சி மாட்டித் தருவதாகச் சொல்லி 8,400 டொலரை வாங்கிக்கொண்டு கைவிட்டார்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் காஸ் கணப்பு (குளிர்காயச் சுவரில் பதித்த நெருப்பிடம்) உள்ள வீட்டை வாங்கி, அதற்கு மேலே தொலைக்காட்சியை மாட்டி வரவேற்பறையை ஒழுங்குபடுத்த எண்ணியிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பிறகு யாருக்கும் பணம் கொடுங்கள். அண்மையில்தான் எங்கள் கணப்புக்கு வரும் காஸை மூடி, இங்கே எல்லோரும் ‘ரெட் ராக்’ என்று சொல்லும் சிவப்பு எச்சரிக்கை அட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள். வீட்டில் இப்போது நெருப்பும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. போனது 8,400 டொலர்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அறையின் படங்களையும் அளவுகளையும் அனுப்பினால் முப்பரிமாணப் படம் வரைந்து தந்து, பின்னர் ஆட்களை அனுப்பி வேலையையும் முடித்துத் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் வகையைச் சேர்ந்தது என்பது போதும்.

எங்கள் வரவேற்பறை நீளமானது, ஒடுக்கமானது. நீளச் சுவரின் நடுவில் கணப்பு, அதற்கு எதிரே சமையலறைக்குப் போகும் வழி, தெருப்பக்கம் பெரிய யன்னல். செற்றியைக் கணப்பைப் பார்த்துப் போட்டால் தொலைக்காட்சிக்கு இடமில்லை. தொலைக்காட்சியை யன்னலுக்கு எதிரே வைத்தால் பகல் முழுவதும் திரையில் வெளிச்சம் அடிக்கும், கணப்பும் ஒரு பக்கமாய் ஒதுங்கிவிடும். அவர்கள் அனுப்பிய படத்தில் இந்தச் சிக்கல் முழுவதும் தீர்ந்திருந்தது. கணப்பைச் சுற்றி உச்சிவரை மரப்பலகைச் சுவர், அதன் நடுவில் குழிவுக்குள் 65 அங்குலத் திரை, கீழே நெருப்பு, எதிரே எங்கள் செற்றி.

அளவெடுக்க வந்தவர் தமிழ் இளைஞர். அம்மாவின் காலைப் பார்த்து, “அம்மம்மா இருக்கிற கதிரையை நெருப்புக்குக் கிட்டப் போடுவம், குளிருக்கு நல்லம்” என்று அவராகவே சொன்னார். தேநீர் குடித்தார், ஊரைக் கேட்டார். நான் நேரடியாகவே கேட்டேன்: “இந்தச் சூட்டுக்கு ரிவி பழுதாகாதா? மரத்துக்கு ஒன்றும் ஆகாதா?” அவர் கணப்புக்கு மேலே சுவரில் உள்ளங்கையை வைத்துக் காட்டி, “அக்கா, இந்த மொடலின்ட கையேட்டைப் பார்த்துத்தான் எங்கட ஆக்கள் படம் கீறினவை. பயப்பிடாதேங்கோ” என்றார். எங்கள் மொழியில், எங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு, அம்மாவின் முன்னால் சொன்ன சொல் அது. அதை நம்பித்தான் முற்பணத்தையும், பலகை அடித்து முடிந்த அன்று மீதியையும், ஆக 8,400 டொலரை ஈ-டிரான்ஸ்பரில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து இணையம் வழியாக நேரடியாக, அனுப்பினோம்.

அவர்கள் யாரும் கையேட்டைப் பார்க்கவேயில்லை. எரியக்கூடிய பொருள் கணப்பின் வாய்க்கு மேல் எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு அகலமாக ஆக எவ்வளவு உயரத்தில் அமைய வேண்டும் என்பதை ஒவ்வொரு கணப்பின் கையேடும் படம் போட்டே சொல்கிறது. எங்களுடையதை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து பின்னர் இறக்கிப் பார்த்தேன். இவர்கள் மரம் அடித்த இடம் தீப்பற்றாத பலகை மட்டுமே போடவேண்டிய இடம். குளிர் தொடங்கிக் கணப்பை மூட்டியதும் முதலில் வார்னிஷ் மணம் வந்தது, பிறகு பலகை வளைந்தது, அதன்பின் திரையில் கோடுகள் விழுந்து ஒருநாள் அணைந்தேபோனது. அறை வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று தொலைக்காட்சியின் கையேட்டில் இருப்பதைக் காட்டி, உத்தரவாதம் செல்லாது என்று அதன் நிறுவனம் கைவிரித்துவிட்டது.

அது வேலைசெய்த நாள்களிலும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். செற்றியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடியில் இருக்கும். இவர்கள் மாட்டிய திரையின் நடுப்பகுதியோ ஆறடிக்கு மேலே இருந்தது. அம்மா கழுத்து வலிக்கிறது என்று அந்தக் கதிரையில் இருப்பதையே விட்டுவிட்டார். படத்தில் அத்தனை அழகாகத் தெரிந்த அறையில் ஒரு மனிதர் இருந்து பார்க்க முடியுமா என்று அதை வரைந்தவர்கள் ஒருகணம்கூட எண்ணிப்பார்க்கவில்லை.

ஆண்டுப் பராமரிப்புக்கு வந்த பதிவுபெற்ற காஸ் தொழில்நுட்பவியலாளர்தான் பலகையைத் தட்டிப்பார்த்து, உள்ளே கைவிளக்கை அடித்துப்பார்த்து, உடனே காஸை மூடினார். தொலைக்காட்சிக்கு மின்சாரம் தர, சுவருக்குள் சாதாரண நீட்டிப்பு வயரை இழுத்து மறைத்திருந்ததையும் அவரே காட்டினார். சுவருக்குள் அப்படி வயர் ஓடக்கூடாது என்பது மின்வேலை செய்யும் எவருக்கும் தெரிந்த அடிப்படை விதி. வயதான ஒருவர் உறங்கும் வீட்டில் இதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதன்பின் நடந்ததுதான் என்னை அதிகம் கொதிக்கவைக்கிறது. முறையிட்டபோது முதலில் ஒரு முறைப்பாட்டு எண்ணைத் தந்தார்கள். பிறகு படங்களை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியதும், அதே படங்களை வேறொரு பிரிவுக்கு மீண்டும் அனுப்பச் சொன்னார்கள். அடுத்து, தாங்கள் வடிவமைப்பு மட்டுமே செய்வதாகவும் பலகை அடித்தவர்கள் தனி ஒப்பந்தகாரர்கள் என்றும் எழுதினார்கள். ஒப்பந்தகாரரோ படத்தில் உள்ளபடியே செய்ததாகச் சொன்னார். அந்த இளைஞர் என் செய்திகளைப் பார்த்ததற்கு அடையாளம் விழுகிறது, பதில் மட்டும் இல்லை. கடைசியாக, 8,400 டொலருக்கு ஈடாக, அடுத்த அறையை அவர்களிடமே செய்வித்தால் 150 டொலர் கழிவு தருவதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை வாசித்த கையோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பொய்யான உறுதிமொழி கூறிச் செய்த ஒப்பந்தத்தை ஓராண்டுக்குள் எழுத்துமூலம் ரத்துச் செய்ய 2002ஆம் ஆண்டின் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பணம் தராவிட்டால் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குப் போவேன்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. கணப்பின் மொடல் எண்ணைப் பார்த்துக் கையேட்டை நீங்களே இறக்கி, தூரம் எவ்வளவு என்று வேலைக்கு வருபவரிடம் எழுத்தில் வாங்குங்கள். காஸ் வேலைக்கு டிஎஸ்எஸ்ஏ (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவும், மின்வேலைக்கு ஈசிஆர்ஏ/ஈஎஸ்ஏ (மின் ஒப்பந்தகாரருக்கு உரிமம் தரும் அமைப்பு) உரிம எண்ணும் கேளுங்கள்; தரத் தயங்கினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஈ-டிரான்ஸ்பரில் போன பணத்தைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம், கடனட்டையில் கொடுங்கள். இடம் இருந்தால் தொலைக்காட்சியைப் பக்கத்துச் சுவரில் தாழ்வாக வைத்து, செற்றியை இரண்டையும் பார்க்கும்படி மூலையாகப் போடுங்கள். 65 அங்குலத் திரைக்கு ஒன்பது அடி தூரம் போதும். சுவரைப் பலகையால் மூடுமுன் உள்ளே இருப்பதை ஒவ்வொரு மூலையாகப் படமெடுத்து வையுங்கள், நீதிமன்றத்தில் அதைத்தான் கேட்பார்கள்.