பிராட் மென்பொருள்: பாடும் குரலின் உயிரெழுத்தைக் கண்ணால் காண

வாய்ப்பாட்டு கற்றுக்கொடுப்பவர்கள் வகுப்புக்குப் பத்து முறையாவது ‘வாயைத் திறந்து பாடு’ என்று சொல்லியிருப்பார்கள். ‘ஆ’ என்று நீட்டிப் பாடிப் பழகும் அகார சாதகத்தில் அந்த ஒலி எந்த இடத்தில் மங்குகிறது என்பது நம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. பாடும் மாணவிக்கு அதை உணர்த்துவதுதான் கடினம். அதற்காக ஓராண்டாக நான் பயன்படுத்தி வருவது பிராட் என்னும் மென்பொருள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் பேச்சொலி ஆய்வுக்காக உருவாக்கிய இதன் பெயருக்கு டச்சு மொழியில் ‘பேசு’ என்று பொருள். விலை கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

பாடியதைப் பதிவுசெய்து திறந்தால், மேலே ஒலியலையும் கீழே சாம்பல் நிற ஸ்பெக்ட்ரோகிராமும் (எந்த அதிர்வெண்ணில் ஒலி வலுவாக இருக்கிறதோ அங்கே கருத்திருக்கும் படம்) தெரியும். அதன்மேல் சுருதியை நீலக் கோடாகவும் ஃபார்மன்டுகளைச் சிவப்புப் புள்ளிகளாகவும் காட்டச் செய்யலாம். குரல்நாண்கள் எழுப்பும் ஒலியில் எந்தெந்தப் பகுதியைத் தொண்டையும் வாயும் சேர்ந்த குழல் வலுப்படுத்துகிறதோ, அவையே ஃபார்மன்டுகள். ‘ஆ’வையும் ‘ஈ’யையும் பிரித்துக் காட்டுபவை முதல் இரண்டும்தான். 1952இல் பீட்டர்சனும் பார்னியும் அமெரிக்க ஆங்கிலம் பேசுவோரிடம் எடுத்த அளவுகளில், பெண்களின் ‘ஈ’க்குச் சராசரியாக முதல் ஃபார்மன்ட் 310, இரண்டாவது 2790 ஹெர்ட்ஸ், ‘ஆ’வுக்கு 850, 1220.

எனக்கு மிகவும் பயன்பட்டது ‘ஐ’தான். ‘கை’ என்ற சொல்லை நான்கு அட்சரம் (தாள எண்ணிக்கை) நீட்டிப் பாடச் சொன்னேன். மாணவி முதல் அட்சரம் முடிவதற்குள் ‘இ’க்கு இறங்கிவிட்டாள், மீதி மூன்றும் ‘இ’யாகவே ஒலித்தன. திரையில் இரண்டு சிவப்பு வரிசைகளும் தொடக்கத்திலேயே ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவதைப் பார்த்ததும், நான் ஒன்றும் சொல்லாமலே மறுமுறை ‘அ’வில் நின்று, கடைசி அரை அட்சரத்தில் ‘இ’யைத் தொட்டு முடித்தாள். ஆறு மாதமாக வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தப் படம் ஒரே நாளில் புரியவைத்தது.

ஆனால் மேல்ஸ்தாயியில் இந்தச் சிவப்புப் புள்ளிகளை நம்பக் கூடாது. 5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு மேல்ஸ்தாயி பஞ்சமம் (‘ப’) ஏறத்தாழ 587 ஹெர்ட்ஸ்; அதற்கு அடுத்த ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் ஒலிக்கூறு) 1174இல்தான் வரும். ‘ஈ’க்கு உரிய 310இன் அருகே வலுப்படுத்த ஒலியே இல்லாதபோது, மென்பொருள் ஹார்மோனிக்குகளையே ஃபார்மன்ட் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த உயரத்தில் தாடையைத் தாழ்த்தி, ‘ஈ’யைச் சற்று ‘ஏ’யின் பக்கம் சாய்த்துப் பாடுவது குறையன்று, மேலைநாட்டு சோப்ரானோ (உச்சக் குரல்) பாடகிகள் சுருதி ஏற ஏற வாயைத் திறந்து முதல் ஃபார்மன்டையும் உடன் உயர்த்துகிறார்கள் என்பதை ஸ்வீடனின் குரலொலி ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். ஆகவே மேல்ஸ்தாயிக்குப் புள்ளிகளை அணைத்துவிட்டு, ஸ்பெக்ட்ரோகிராமின் சாளர நீளத்தை (ஒவ்வொரு முறையும் கணக்கிட எடுக்கும் ஒலித்துண்டின் நீளம்) 0.005இலிருந்து 0.03 வினாடிக்கு மாற்றினால், ஹார்மோனிக்குகள் தனித்தனிக் கோடுகளாகத் தெளிந்து நிற்கும். எந்தக் கோடு கருத்திருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

தோற்றம் பழையது. திறந்தவுடன் இரண்டு சாளரங்கள் வந்து புதியவரைக் குழப்பும். தமிழில் கட்டளைப் பட்டியல்கள் இல்லை. பாடிக்கொண்டிருக்கும்போதே படம் வராது என்பது பெரிய குறை: பதிவு முடித்த பிறகே பார்க்க முடியும். ஃபார்மன்டுகளைத் தேடும் உச்ச வரம்பு 5500 ஹெர்ட்ஸாக அமைந்திருப்பது பெண் குரலுக்குப் பொருந்தும். ஆண்களுக்கு 5000 ஆக்கிக்கொள்ள வேண்டும்.

தம்பூரா ஒலியை அறையில் ஓடவிட்டுப் பதிவு செய்யாதீர்கள். தந்திகளின் ஹார்மோனிக்குகள் குரலோடு கலந்து நீலக் கோட்டைக் கண்டபடி தாவச் செய்யும். சுருதியை இயர்போனில் கேட்டபடி பாடினால் குரல் மட்டும் பதிவாகும்.