ஒலிம்பியாட், யுவிகா, முதல்வர் திறனாய்வுத் தேர்வு: கெட்டிக்கார மாணவருக்கு எது பொருந்தும்?

ஆசிரியர் நடத்தி முடிப்பதற்கு முன்பே பாடத்தைத் தானாகப் படித்து முடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓரிரு மாணவர்கள் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். அத்தகையோருக்காக தேசிய அளவில் நெடுங்காலம் நடந்துவந்த இரண்டு ஏற்பாடுகள் இப்போது இல்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி. நடத்திய தேசியத் திறனறித் தேர்வான என்.டி.எஸ்.இ. 2021 முதல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. அறிவியல் மாணவர்களுக்காக 1999-இல் தொடங்கிய கே.வி.பி.ஒய். உதவித்தொகைத் திட்டம் 2022-இல் மத்திய அரசின் இன்ஸ்பயர் அறிவியல் உதவித்தொகைத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இவை நின்றுபோனது தெரியாமல் இன்றும் பழைய வழிகாட்டி நூல்களைத் தேடி வாங்கும் பெற்றோர் இருப்பதால் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

எஞ்சியுள்ள வாய்ப்புகளில் தமிழ்நாட்டு மாணவர்கள் நாடக்கூடிய மூன்றை இங்கே பார்ப்போம்: முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு, இஸ்ரோவின் யுவிகா பயிற்சி, கணித ஒலிம்பியாட் போட்டி. பரிசு எவ்வளவு, சான்றிதழ் எங்கே செல்லும் என்று பார்த்துத்தான் பொதுவாக இவற்றை ஒப்பிடுகிறார்கள். விண்ணப்பிப்போரில் மிகப் பெரும்பாலானோர் எதிலும் தேர்வாகப் போவதில்லை என்பதால், தேர்வாகாதவருக்குக் கையில் என்ன மிஞ்சும் என்பதையே நான் முதன்மையான அளவுகோலாகக் கொள்கிறேன்.

முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் உரியது. கணிதத்துக்கு ஒரு தாள், அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் சேர்த்து ஒரு தாள் என்று இரண்டு தாள்கள். வினாக்கள் 9, 10-ஆம் வகுப்புப் பாடநூல்களிலிருந்து வருகின்றன. 500 மாணவர், 500 மாணவியர் தேர்ந்தெடுக்கப்பட்டு, இளநிலைப் பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் பெறுகிறார்கள். பணநெருக்கடி உள்ள குடும்பத்துக்கு இது பேருதவி. தகுதியுள்ள எவரும் இதைத் தவறவிடக் கூடாது. ஆயினும் இது உதவித்தொகைத் தேர்வே தவிர, திறனை வளர்க்கும் பயிற்சி அன்று. ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படிக்க வைப்பதால், தேர்வாகாத மாணவருக்குப் பொதுத்தேர்வுக்கான முன்தயாரிப்பு மிஞ்சும்.

யுவிகா இதற்கு நேர்மாறானது. 2019-இல் இஸ்ரோ தொடங்கிய இந்த இரண்டு வாரப் பயிற்சியில் தேர்வான ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு போன்ற மையங்களில் ஒன்றில் கோடை விடுமுறையில் தங்கி, அறிவியலாளர்களுடன் பேசி, ஆய்வகங்களைப் பார்த்துத் திரும்புகிறார்கள். செலவை இஸ்ரோ ஏற்கிறது. தேர்வுமுறையைக் கூர்ந்து படித்தால் ஒரு செய்தி புலப்படும். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 விழுக்காடு, ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பதற்கு 15 விழுக்காடு, இணையவழி வினாடி வினாவுக்கு 10 விழுக்காடு என்று மதிப்பு அளிக்கப்படுகிறது. அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர் இயக்கம் முதலியவை மீதியை நிரப்புகின்றன. அதாவது, நகரத்துப் பெரிய பள்ளி மாணவரைவிட ஊராட்சிப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் மாணவருக்கு இங்கே முன்னிலை உண்டு. அந்த 15 விழுக்காட்டைப் பற்றி ஊர்ப்புறப் பள்ளிகளிலேயே பலர் அறிந்திருப்பதில்லை என்பதுதான் வருத்தம். ஆனால் என் அளவுகோலில் யுவிகா பின்தங்கிவிடுகிறது. தேர்வானவருக்கு அது மறக்க முடியாத அனுபவம், தேர்வாகாதவருக்கோ நிரப்பி அனுப்பிய ஒரு படிவம்.

கணித ஒலிம்பியாட் நீண்ட பாதை. முதற்கட்டமான ஐ.ஓ.க்யூ.எம். மூன்று மணி நேரத் தேர்வு. 30 வினாக்கள், 100 மதிப்பெண். விடைகள் யாவும் இரண்டு இலக்கத்துக்குள் அடங்கும் முழு எண்களாக இருப்பதால், நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கும் வித்தை இங்கே எடுபடாது. அதைத் தாண்டினால் வட்டார அளவிலும் பின்னர் தேசிய அளவிலும் விரிவாக நிறுவி எழுதும் தேர்வுகள், பிறகு பயிற்சி முகாம், கடைசியில் ஆறு பேர் கொண்ட இந்திய அணி. 1989 முதல் பன்னாட்டு ஒலிம்பியாடில் பங்கேற்கும் இந்தியா, 2024-இல் நான்கு தங்கம் வென்று நான்காம் இடம் பெற்றது.

இந்தப் பாதை எத்தகைய சிந்தனையைக் கோருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: எந்த ஐந்து முழு எண்களை எடுத்துக்கொண்டாலும், அவற்றுள் ஏதேனும் மூன்றின் கூட்டுத்தொகை 3-ஆல் மீதியின்றி வகுபடும் என்று நிறுவுக. எந்த எண்ணையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2 என்பவற்றுள் ஒன்றுதான். மூன்று மீதிகளும் ஐந்து எண்களுக்குள் வந்துவிட்டால், மீதிக்கு ஒன்றாக மூன்று எண்களை எடுத்தால் போதும். வராவிட்டால், ஐந்து எண்களும் அதிகபட்சம் இரண்டு வகை மீதிகளுக்குள் அடங்குவதால், குறைந்தது மூன்று எண்கள் ஒரே மீதியைக் கொண்டிருக்கும். அந்த மூன்றையும் கூட்டினால் வகுபடும். இதற்குத் தேவையான மீதி பற்றிய அறிவு, நம் பத்தாம் வகுப்புப் பாடநூலில் மட்டு எண்கணிதம் என்ற பகுதியில் உள்ளதுதான். பாடநூல் அதை வைத்துக் கணக்குப் போடச் சொல்வதோடு நின்றுவிடுகிறது, ஒலிம்பியாடோ அதைக் கொண்டு வாதிடச் சொல்கிறது. இப்படிச் சில மாதம் பழகிய மாணவர் முதற்கட்டத்திலேயே வெளியேறினாலும், அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகாது.

குறையும் உண்டு. நகரங்களில் இதற்கென முளைத்துள்ள பயிற்சி வகுப்புகள், ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கான தயாரிப்பின் ஒரு கிளையாகவே இதையும் ஆக்கிவிட்டன. வழிகாட்ட ஆளில்லாத சிற்றூர் மாணவர் நேராக ஐ.ஓ.க்யூ.எம். எழுதினால் சோர்ந்துபோகக் கூடும். அவருக்கு, சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் என்.எம்.டி.சி. போட்டி நல்ல முதற்படியாகும். வகுப்புக்கு ஏற்ற நிலைகள் அதில் உள்ளன.

ஆகவே, கணிதத்தில் நாட்டமுள்ளவர் ஒன்பதாம் வகுப்பிலேயே ஒலிம்பியாடைத் தொடங்குவதும், அரசுப் பள்ளி மாணவராயின் திறனாய்வுத் தேர்வையும் சேர்த்து எழுதுவதும் நான் பரிந்துரைக்கும் வழி. ஒலிம்பியாடை மறு ஆண்டும் எழுதலாம், யுவிகாவுக்கு ஒன்பதாம் வகுப்போடு வாய்ப்பு முடிந்துவிடும். அதில் பாதி மதிப்பு எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு என்பதால், எட்டு வரை எல்லாரும் தேர்ச்சிதானே என்று அசட்டையாக இருப்பவர்கள் விண்ணப்பம் வருவதற்கு முன்பே வாய்ப்பை இழந்துவிடுகிறார்கள்.