அல்பேனியாவின் சரண்டாவில் கார் வாடகைக்கு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அல்பேனியாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. லோகரா கணவாயில், ஆயிரம் மீட்டர் உயரத்தில், பைன் காட்டை விட்டு ரோடு வெளியே வந்ததும் கீழே அயோனியன் கடல் மொத்தமாக விரியும். அந்த ஒரு வளைவுக்காகவே நான் மறுபடி போவேன். 2024-இல் மலையைக் குடைந்து சுமார் 6 கிலோமீட்டருக்குச் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள். அவசரக்காரர்கள் அதற்குள் புகுந்து போய்விட, பழைய ரோடு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் ஐந்து நாளில் கிட்டத்தட்ட 300 யூரோவை ஏமாந்துவிட்டு வந்தோம். அதில் பாதி எங்கள் அசட்டுத்தனம்.

போன செப்டம்பரில் நானும் மனைவியும் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவிலிருந்து படகில் சரண்டாவுக்குப் போனோம். வேகப் படகில் அரை மணி நேரம்தான். துறைமுகத்துப் பக்கத்து ஏடிஎம்மில் பணம் எடுத்தேன். லெக் என்பதுதான் அந்த ஊர்ப் பணம், 5000 லெக் தாள்களாக வந்தது. டாக்சிக்காரரிடம் விடுதி முகவரியைக் காட்டினேன். "ஐயாயிரம்" என்றார். புதுப் பணம், புது ஊர், தலையில் கணக்கு ஓடவில்லை. ஒரு தாளை நீட்டினேன். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியைக்கூட இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய நூறு லெக் என்று அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. பத்து நிமிஷப் பயணத்துக்கு 50 யூரோ! டூரிஸ்ட் ஊர், இப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

நடந்தது என்ன என்று புரிய வைத்தவர் மறுநாள் போர்ஷ் ஊரில் ரோட்டோரம் அத்திப்பழம் விற்ற ஒரு பாட்டி. ஒரு கூடைக்கு மூன்று விரலைக் காட்டி "மூவாயிரம்" என்றார். மனைவி முழித்தாள். சரி, பேரம் பேச மொழியும் இல்லை என்று மூன்று ஆயிரம் லெக் தாள்களை நீட்டினேன். பாட்டி சிரித்துக்கொண்டே இரண்டைத் திருப்பித் தந்தார். மூன்றாவதை மட்டும் வாங்கிக்கொண்டு 700 லெக் சில்லறை கொடுத்தார். 1965-இல் அந்த நாட்டில் பத்து பழைய லெக்கை ஒரு புது லெக்காக மாற்றியிருக்கிறார்கள். அறுபது வருஷம் ஆகியும் பலர் வாயில் பழைய கணக்குதான் வருகிறது, விலையில் ஒரு பூஜ்யம் கூடவே. டாக்சிக்காரர் சொன்னதும் 500 லெக்தான். சொன்னதில் ஏமாற்று இல்லை. நான் தெரியாமல் நீட்டினேன், அவர் தெரிந்தே வாங்கிக்கொண்டார். பெரிய எண் காதில் விழுந்தால் உடனே "புது லெக்கா, பழசா?" என்று கேளுங்கள், அல்லது ஃபோனில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

இனி கார் கதை. வாட்ஸ்அப்பில் பேசி முடித்தது: ஒரு நாளைக்கு 35 யூரோ, நான்கு நாள், "முழு இன்சூரன்ஸ்". ஆபீஸ் எதுவும் கிடையாது. துறைமுகத்துக் கார் நிறுத்தத்தில் ஒருவர் சாவியோடு நின்றார். நண்பா, நண்பா என்று தேன் ஒழுகப் பேசினார். 300 யூரோ முன்பணம் ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார். ரசீது கேட்டதற்கு, "நாமென்ன அந்நியர்களா?" அல்பேனிய மொழியில் ஒரு பக்க ஒப்பந்தம். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் மூன்றுக்கும் இன்சூரன்ஸ் கிடையாது என்று அதில் இருந்ததை, படகில் திரும்பும்போது ஃபோனில் மொழிபெயர்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் உஷாராக இருப்பதாக நினைத்துக் காரைச் சுற்றி வந்து வீடியோ எடுத்தேன். கதவு, பம்பர், கண்ணாடி. குனிந்து பார்க்கவில்லை.

காரை நாங்கள் கெடுக்கவே இல்லை. ஜீபே கடற்கரைக்குக்கூட மேலேயே நிறுத்திவிட்டு வெயிலில் நடந்துதான் இறங்கினோம்.

திருப்பிக் கொடுக்கும் நாள். படகுக்கு 50 நிமிஷம் இருக்கும்போது வரச் சொல்லியிருந்தேன். அவர் அரை மணி தாமதமாக வந்தார். கதவு, கண்ணாடி எதையும் பார்க்கவில்லை. நேராக முன்பக்கம் போய் மண்டியிட்டு, ஃபோன் டார்ச்சை பம்பருக்கு அடியில் அடித்தார். ஒரு ஜாண் நீளத்துக்கு உரசல். இருக்கும் இடம் முன்பே தெரிந்தவர்போல் முதல் தடவையிலேயே வெளிச்சம் அங்கே விழுந்தது. நானும் குனிந்து விரலை வைத்தேன். விரல் நுனியில் பழுப்பாகத் துரு ஒட்டியது. உள்ளே தெரிந்த இரும்புத் தகடு முழுக்கத் துரு. "நாலு நாளில் இப்படித் துரு பிடிக்குமா?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். போலீஸைக் கூப்பிடலாம் என்றேன். "தாராளமாக, அடுத்த படகு நாளைக்கு" என்றார். கோர்ஃபுவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அன்றிரவே அங்கே எங்களுக்கு விமானம். இதெல்லாம் அவருக்குத் தெரியும், முதல் நாள் நட்பாகக் கேட்டபோது நான்தான் சொல்லியிருந்தேன். 50 யூரோ தாள் ஒன்றைக் கையில் திணித்துவிட்டு மீதி 250-ஐ வைத்துக்கொண்டார்.

கார் எடுப்பதாக இருந்தால் முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் பிடித்து வைக்கிற இடத்தில் எடுங்கள், வாடகை கூடுதலானாலும் பரவாயில்லை. அடிப்பாகத்தையும் டயர் வட்டையும் அவர் முன்னாலேயே படம் பிடியுங்கள். ஊர் கிளம்பும் நேரத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், காரை முந்தைய நாள் மாலையே ஒப்படைத்துவிடுங்கள்.

படகில் மனைவி அந்த முதல் நாள் வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில், நான் நிறுத்த மறந்து ஃபோனைத் தொங்கவிட்ட ஒரு நொடியில், தலைகீழாக அதே உரசல் தெரிந்தது. அந்தப் படத்தை அவருக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. கோர்ஃபு கரை தெரிவதற்குள் அவருடைய முகப்புப் படம் காணாமல் போயிருந்தது.